பெரிய வெள்ளிக்குக் கழட்டிய லொறி

— மழுப்பாமச் சொல்லுங்க ஜபார் நானா. இதைத் திரும்பப் பூட்ட எத்தனை மணித்தியாலம்?

— மூணு.

— மூண்டோ? என்ட தங்கச்சி அல்பொன்சா அங்க நுரைச்சோலையில புதன்கிழமை தொட்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறாள். நீங்க வாய் கூசாம மூண்டு எண்டு சொல்லுறீங்க.

— வாய் கூசத்தான் செய்யுது சவிரிமுத்து. ஆனா கண்ணால பாரு. இந்தப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு இரிக்கிறது ஒரே ஒரு அம்புலன்ஸ் லொறி. அதுட எஞ்சின் மூடியைக் காலையில நான்தான் கழட்டிச் சுவத்தில சாத்தி வெச்சன். பன்னெண்டு வால்வுல ஏழு இந்தச் சாக்குல கிடக்குது. றேடியேட்டர்ல சொட்டுத் தண்ணி இல்ல. ஒனக்கு மனம் ஆறட்டும் எண்டு ஒரு மணித்தியாலம் எண்டு சொன்னா, அந்தப் பொய்யை எஞ்சின் கேக்குமா?

— கரி சுரண்டாமப் பூட்டினா?

— அதை விட்டுட்டுத்தான் மூணு. எல்லாம் சுரண்டிப் பூட்டுறதெண்டா பொழுது பட்டுடும்.

— அனஸ்தாசியா அக்கா, நீங்க சொல்லுங்க. போனை எடுத்தது நீங்கதானே. டொக்டர் ஐயா என்ன சொன்னவர்?

— எத்தனை தரம் சொல்லுறது தம்பி. வலப்பக்கம் அடிவயித்தில நோவு, சத்தி எடுக்கிறாள், காய்ச்சல். உன்ட மச்சான் சூசைப்பிள்ளை போனில சொன்னதை அப்படியே போய் ஐயாட்டச் சொன்னன். கேட்ட கையோட தியேட்டரைக் கழுவச் சொல்லிட்டார். குடல்வாலாம். வெடிக்க முந்தி வெட்டி எடுக்கவேணும், பின்னேரம் நாலு மணிக்குள்ள ஆள் மேசையில இருக்கவேணும் எண்டார்.

— இப்ப எத்தனை மணி?

— பத்து அடிச்சு அஞ்சு நிமிசம்.

— போக ஒண்டேகால், வர ஒண்டேகால். மூண்டு மணித்தியாலம் பூட்ட. காணும் நானா. மட்டுமட்டாக் காணும். ஆனா ஒரு நட்டு இறுகினாலும் காணாது. வேற வழி இல்லையா அக்கா? மச்சான் பட்டாள முகாமில இருந்துதானே கதைச்சவர். அவங்கட லொறி?

— கேக்காம இருப்பனா? ரெண்டு லொறியும் முந்தநாத்து திருகோணமலைக்குப் போயிட்டுதாம். முகாமில இருக்கிறது ரெண்டு பைசிக்கிள்.

— பஸ்?

— பெரிய வெள்ளிக்கு எந்த பஸ்? முதலாளியும் டிரைவரும் கோயில்ல முழங்கால்ல நிக்கிறாங்க.

— முத்தலிபு காக்காட வள்ளம்? களப்பால வந்தா ரோட்டு மணல் இல்லையே.

— வெளிய பாரு தம்பி. ஓலை ஒண்டு அசையுதா? இந்த வெயில்ல பாயை ஏத்தினா துணி காயப்போட்ட மாதிரித் தொங்கும். பொறு, மாட்டு வண்டிலையும் நீ கேக்க முந்தி நானே சொல்லுறன். ஒங்கட ஊர்ல இண்டைக்கு ஆராவது மாடு பூட்டுவானா?

— பூட்ட மாட்டினம்.

— அப்ப இந்த லொறிதான். வேற இல்ல. விளங்கிச்சா? கையைத் துடைச்சுட்டு வா. ஒவ்வொரு வால்வுக்கும் நம்பர் வெட்டியிரிக்கிறன். ஒண்டு எண்டா ஒண்டு, ரெண்டு எண்டா ரெண்டு. அவசரத்துல மாத்திக் குடுத்தியெண்டா காத்து ஒழுகும், பாலாவி கூடத் தாண்டாது. அனஸ்தாசியா, ஒங்களுக்கு வார்ட்டுல வேலை இரிக்கா?

— இண்டைக்கு வார்ட்டில மூண்டே பேர். மணி அடிச்சா ஓடுவன், இல்லாட்டி இங்கதான் நிக்கிறன். என்ன செய்யவேணும் சொல்லுங்க.

— இந்தாங்க, இந்தச் செப்புத் தகடு. இது மூடிக்கு அடியில வைக்கிறது. புதுசு கேட்டு கொழும்புக்கு எழுதி ஒண்டரை மாசம், சண்டைக்காலத்துல ஒண்டும் வராது. பழசைத்தான் போடோணும். இறுகிக் கல்லாக் கிடக்குது. குசினியில சாள்ஸ் நெருப்பு வெச்சிரிப்பான். தணல்ல போட்டுச் செக்கச்செவேல் எண்டு ஆனதும் எடுத்துத் தண்ணிக்குள்ள போடுங்க. இளகி வரும். வளைச்சிடாமக் கொண்டு வாங்க.

— இண்டைக்குக் குசினியிலயும் கஞ்சி மட்டும்தான். நெருப்பு இருக்கும். குடுங்க.

— நானா, இந்தா மூண்டாம் நம்பர். நான் அப்பவே சொன்னனான், கொழும்பில இருந்து வந்த சேர்விஸ் அட்டையில உள்ளபடியே செய்வம், நாங்களா நாளை மாத்தவேண்டாம் எண்டு.

— சுருளை அமத்திப் பிடி. நல்லா. அந்த அட்டை ஆருக்கு எழுதினது? கொழும்புத் தார் ரோட்டுல ஓடுற லொறிக்கு. ஐயாயிரம் மைலுக்கு ஒருக்கா எஞ்சினைத் துறந்து கரி சுரண்டு எண்டு போட்டிரிக்கிது. எழுதினவனுக்குப் பாலாவி உப்புக்காத்துத் தெரியுமா? நுரைச்சோல மணல் தெரியுமா? பெற்றோல் எண்டு நமக்குத் தாறதுல பாதி மண்ணெண்ணெய். ரெண்டாயிரம் மைல்ல வால்வு கரி பிடிச்சு ஒட்டிக்கொள்ளுது. போன வருசம் பாலாவிச் சந்தியில எஞ்சின் நிண்டப்ப பின்னால கிடந்தது ஆரு?

— இன்னாசிப்பிள்ளையர்.

— தள்ளினது ஆரு?

— நானும் நீங்களும்.

— ஆஸ்பத்திரி வாசல் மட்டுக்கும் தள்ளினம். வந்து சேரக்குள்ள அந்த மனிசன்ட கை குளிர்ந்து போச்சு. அண்டைக்குத்தானே ரெண்டு பேரும் டொக்டர் ஐயாக்கு முன்னால போய் நிண்டம். இந்த அட்டை வாணாம், எங்கட ரோட்டுக்கு ஏத்த மாதிரி எங்களுக்கு ஒரு அட்டை போட்டுத் தாங்க எண்டு. ரெண்டாயிரம் மைலுக்கு ஒருக்கா கரி, உப்பளத்துப் பக்கம் போய் வந்த ஒவ்வொரு தரமும் சில்லுக்குக் கிறீஸ். அவர் ஓம் எண்டார். என்ன சொல்லி ஓம் எண்டார்?

— கரி சுரண்டுற அண்டைக்கு லொறி முழுநாளும் படுக்கவேணும், அதால ஒருத்தரும் கூப்பிடாத நாளாப் பாத்துச் சொல்லுங்க எண்டார்.

— பாத்தமா இல்லையா?

— பாத்தம். நான் எழுதின நாலு வருசக் கொப்பியையும் விரிச்சு வச்சு எண்ணினம். ஞாயித்துக்கிழமையில கள்ளடிச்சு வெட்டுக்குத்து. உங்கட பெருநாளைக்கும் கூப்பிட்டிருக்காங்க, எங்கட நத்தாருக்கும் கூப்பிட்டிருக்காங்க. பெரிய வெள்ளி மட்டும்தான் நாலு வருசமும் சைபர்.

— நாலு சைபர். அதைக் கண்டதும் அல்லாக்கு சுக்கூர் சொன்னன் தம்பி. கடலுக்கு ஒருத்தரும் போகாத நாள், மரத்துல ஒருத்தரும் ஏறாத நாள், குடி இல்ல, சண்டை இல்ல. இதை விடத் தோதான நாள் எங்க கிடைக்கும் எண்டு நினைச்சன். நாலாம் நம்பரைத் தா.

— இந்தாங்க. நானா, ஒரு கதை சொல்லவேணும்.

— கையை நிப்பாட்டாமச் சொல்லு.

— குருத்தோலை ஞாயிறு ஊருக்குப் போனனான். பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல சனம் நிக்குது. நான் சும்மா பகிடிக்கு, இந்த முறை பெரிய வெள்ளிக்கு லொறியைக் கழட்டுறம், ஒருத்தரும் காய்ச்சல், வருத்தம் பிடிக்காம இருங்க எண்டு சொன்னன். எல்லாரும் சிரிச்சவை. அல்பொன்சாவும் பிள்ளையை இடுப்பில வச்சுக்கொண்டு நிண்டு சிரிச்சவள்.

— யா அல்லா.

— இண்டைக்குக் காலையில மச்சான் அக்காட்டப் போனில சொன்னாராம், புதன்கிழமையே நோவு துடங்கிட்டுது, கூப்பிடுவம் எண்டு கேட்டதுக்கு அவள்தான் விடேல்லையாம். அண்ணன் லொறியைக் கழட்டி வச்சிருப்பார், அந்தரப்படுத்த வேண்டாம், சனிக்கிழமை மட்டுக்கும் பொறுப்பம் எண்டு சொன்னாளாம். புதன்கிழமை லொறி ஓடினது நானா. வியாழக்கிழமையும் ஓடினது. அவளுக்கு நாள் பிசகிட்டுது. என்ட வாயாலதான் பிசகினது.

— ஒன்ட வாயை ஏசுறதுக்கு நாளைக்கு நேரம் இரிக்கிது. இப்ப அஞ்சாம் நம்பர்.

— இந்தாங்க ஜபார், உங்கட தகடு. இளகிட்டுது எண்டு நினைக்கிறன். சாள்ஸ் கையையும் சுட்டுக்கொண்டான், பாவம். என்ன ரெண்டு பேரும் அழுத மூஞ்சியா நிக்கிறீங்க?

— அந்தக் கொப்பிக் கதைதான். நாலு வருசமா ஒரு வருத்தக்காரரும் இல்லாத நாள், இந்த வருசம் இப்பிடி வந்திட்டுதே எண்டு.

— வருத்தக்காரர் இல்லாத நாளோ? ஆர் சொன்னது?

— கொப்பியில இரிக்கிதே.

— உங்கட லொறிக் கொப்பியில இருக்கும். என்ட வார்ட்டுக் கொப்பியை நீங்க ரெண்டு பேரும் ஒருக்காக் கேட்டுப் பாத்தீங்களா? பெரிய சனிக்கிழமை விடியக்காலை வார்ட்டில பாய் விரிக்க இடம் இருக்காது. கதிரையில வச்சுத் தூக்கிக்கொண்டு வருவாங்க, தோள்ல போட்டுக்கொண்டு வருவாங்க. பாத்தா எல்லாம் புதன்கிழமைக் காய்ச்சல், வியாழக்கிழமை வெட்டுக்காயம். ஏன் நேத்தே வரேல்லை எண்டு கேட்டா, ஆண்டவர் சிலுவையில தொங்கேக்கை நாங்க எப்பிடி ஆளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில போறது எண்டு கேப்பாங்க. போன முறை மட்டும் மூண்டு பிரேதத்தை நான் குளிப்பாட்டி அனுப்பினன்.

— இதை ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல?

— வார்ட்டுப் பொம்பிளையிட்ட லொறியைப் பத்தி ஆர் கேட்டது?

— பொறு. பொறு. நாம, ஆக்கள் கூப்பிடாத நாளைப் பாத்துட்டு வருத்தம் இல்லாத நாள் எண்டு எழுதிட்டம். சரி, இவங்கட ஆக்கள் கூப்பிடல்ல. எங்கட ஆக்கள்? கற்பிட்டியில எத்தனை முஸ்லிம் வீடு இரிக்கிது. அவங்களுக்குப் பெரிய வெள்ளி என்ன, சின்ன வெள்ளி என்ன? நாலு வருசத்துல ஒருத்தருமா கூப்பிடல்ல? சவிரி, ஏன் கீழ பாக்குறாய்?

— ஆறாம் நம்பர், நானா.

— அதை வெச்சுட்டு வாயைத் துற.

— கூப்பிட்டவை. முதல் வருசம். ஹவ்வா உம்மாட வீட்டால ஆள் வந்தது. மத்தியானம். நான் கோயில்ல, சிலுவை முத்தி செய்ய வரிசையில நிண்டன். முத்தி செஞ்சிட்டு வாறன் எண்டு சொன்னன். பிறகு பாடுகளின் பிரசங்கம், பிறகு ஆண்டவர்ட உடலைத் தூக்கிக்கொண்டு சுத்துப்பிரகாரம். நான் தண்டு தூக்குறவன் எண்டு உங்களுக்குத் தெரியும். லொறியை எடுக்கப் பொழுது பட்டுட்டுது.

— ஹவ்வா உம்மா கற்பிட்டியில எங்கட தெரு. அவங்க மவுத்தாகி அடக்கத்துக்கு நான் போனன். அண்டைக்கு வந்த லொறி பிந்திட்டுது எண்டு அவங்கட மகன் சொன்னான். ரோட்டு மோசம், லொறி என்ன செய்யும் எண்டு நான் ஒனக்காகக் கதைச்சன்.

— தெரியும் நானா.

— கொப்பியில?

— சனிக்கிழமை எண்டு எழுதினன். அதுக்குப் பிறகு பெரிய வெள்ளிக்கு ஒருத்தரும் ஆள் அனுப்பேல்லை. அந்த ஆள் வரமாட்டான் எண்டு கற்பிட்டி முழுக்கத் தெரிஞ்சிட்டுது போல. எனக்கும் அது சுகமாத்தான் இருந்தது.

— நாலு சைபர்ல ஒண்டு நீ போட்ட சைபர். அதை நம்பித்தான் நான் இந்த எஞ்சினைக் கழட்டினன்.

— அடிக்கிறதெண்டா அடிங்க.

— ஒன்னை அடிச்சா ஒன்ட தங்கச்சி இங்க வந்து சேருவாளா? ஆறாம் நம்பரைத் தா. ஏழையும் கையில எடு. அனஸ்தாசியா, மணி அடிக்குது.

— கேக்குது, போறன்.

— நானா, அடுத்த போன் என்னவா இருக்கும்?

— அதை யோசிக்காத. தண்ணி வாளி ரெண்டு நிரப்பி வை. நல்ல கிணத்துத் தண்ணி, உவர் வாணாம். இந்த மூடியை வெக்க முந்தி நடுவால எண்ணெய்த் துணி போட்டுத் துடை. ஒரு மணல் இருந்தாலும் தகட்டைக் கடிச்சிடும்.

— துடைச்சிட்டன். அக்கா ஓடி வாறா. என்ன அக்கா?

— மச்சான்தான். நோவு நிண்டிட்டுதாம்.

— நிண்டிட்டுதோ? மாதாவே. நானா, கேட்டீங்களா, நோவு நிண்டிட்டுதாம். அப்ப அது குடல்வால் இல்லை, வாயுவா இருக்கும். இல்லையா அக்கா?

— தம்பி.

— சத்தி எண்டு சொன்னீங்களே, சாப்பிட்டிருக்க மாட்டாள், வெறும் வயித்தில வாயு ஏறும். எங்கட அம்மாக்கும் அப்பிடித்தான் வாறது.

— புதன் தொட்டு குத்தின நோவு ஒரேயடியா நிண்டா, அது நல்ல நிப்பு இல்லைத் தம்பி. உள்ள வெடிச்சா ஒரு கொஞ்ச நேரம் அப்பிடித்தான் சுகமா இருக்கும். நான் ஐயாட்டச் சொன்னன். நாலு மணிக் கதையை விட்டுட்டார், எவ்வளவு கெதியா ஏலுமோ அவ்வளவு கெதியா எண்டார்.

— சுகமா இருக்குது எண்டு அவள் எழும்பி இருப்பாள். பிள்ளைக்குக் கஞ்சி குடுப்பாள்.

— சவிரி. இஞ்ச பாரு. என்னைப் பாரு. மூடியை ரெண்டு பேரும் சேர்ந்து தூக்குறம். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். தகடு நகராம நேர இறக்கோணும். ஒண்டு, ரெண்டு, தூக்கு.

— இறங்குதில்லை.

— மூலையில ஒரு முளை கொஞ்சம் வளைஞ்சிரிக்கிது. நான் கீழால தகட்டைப் பிடிச்சுக்கொள்றன், என்ட ரெண்டு கையும் இஞ்ச மாட்டிக்கொண்டிரிக்கிது. நீ அந்தக் கட்டைச் சுத்தியலை எடுத்து மூலையில மெதுவா மெதுவா அடி.

— நானா.

— என்ன?

— இண்டைக்கு நான் சுத்தியல் எடுக்கிறதில்லை. காலையில இருந்து நீங்கதான் அடிச்சீங்க. ஆண்டவர்ட கையில ஆணி அறைஞ்ச நாள். எங்கட வீட்டில இண்டைக்கு உலக்கை கூடத் தூக்க மாட்டினம். என்ட அப்பு எனக்கு வேற ஒண்டும் படிப்பிக்கேல்லை, இதை மட்டும் சொல்லித் தந்தவர்.

— என்ட கை கீழ இரிக்கிது சவிரி. மூடி இறங்கல்ல. எனக்கு மூணாவது கை இல்ல.

— குடு தம்பி, நான் அடிக்கிறன்.

— நீங்களும் வேதக்காரிதானே அக்கா.

— நான் முப்பது வருசமா இந்த நாளில பிரேதம் கழுவுறன். ஒரு சுத்தியலுக்கு ஆண்டவர் என்னோட கோபிக்க மாட்டார். தள்ளி நில்லு.

— வேண்டாம். விடுங்க. நான்தான் கோயிலைச் சாட்டி ஒரு உயிரைக் காக்க வச்சவன். நானே அடிக்கிறன். எந்த மூலை நானா?

— இடப்பக்கம். மெதுவா. இன்னும் ஒண்டு. இன்னும் ஒண்டு. அழாத, கண்ணு மறைக்கும், என்ட விரல்ல போட்டுடுவாய். இன்னும் ஒண்டு. இறங்கிட்டு. போதும்.

— போதுமா?

— போதும் எண்டு சொல்லுறனே, சுத்தியலைக் கீழ வை. இப்ப நட்டு. நடுவில இருந்து வெளியால, குறுக்கும் மறுக்குமா இறுக்கோணும். ஒரேயடியா ஒரு பக்கத்தை இறுக்கினியெண்டா மூடி வெடிக்கும். மூணு சுத்து வரோணும். முதல் சுத்து கையால, ரெண்டாவது சாவியால, மூணாவது நான்.

— பள்ளியில பாங்கு சொல்லுறாங்க. நானா, இண்டைக்கு வெள்ளி. ஜும்மா.

— கேக்குது.

— நீங்க போயிட்டு வாங்க. ரெண்டாம் சுத்தை நான் இறுக்கிறன்.

— ஒன்ட சிலுவையை நம்பி ஒருத்தர் மவுத்தாகினது போதும். நான் லுஹரைப் பிறகு தனியாத் தொழுதுகொள்ளுவன். அல்லாக்கு இந்தக் கொட்டில் தெரியும். சாவியைப் பிடி. அனஸ்தாசியா, திரும்ப மணி.

— ஓம். போறன்.

— நானா, நடு நட்டில இருந்துதானே?

— ஓம். இறுக்கு. அடுத்தது. குறுக்கால. ஒன்ட தங்கச்சிட புருசன் நல்ல மனிசனா?

— நல்லவர். கதை குறைவு. அஞ்சு மைல் பைசிக்கிள் மிதிச்சு முகாமுக்கு வந்திருக்கிறார். பெரிய வெள்ளிக்குப் பைசிக்கிள்ல ஏறினார் எண்டு ஊர் நாளைக்கு அவரை ஏசும்.

— ஏசட்டும். ஏசுறதுக்கு ஆள் உயிரோட இரிக்கோணும். அந்தக் கடைசி நட்டு. அக்கா வந்திட்டா, கேளு.

— என்ன அக்கா? ஆர் கதைச்சது? மச்சானா?

— முகாம்காரர். லொறி எப்ப வெளிக்கிடும் எண்டு கேட்டாங்க. கெதியா வரட்டாம்.

— அல்பொன்சாக்கு எப்பிடி?

— கெதியா வரட்டாம் எண்டு சொன்னாங்க தம்பி. அந்தத் தண்ணி வாளியைத் தா, நான் ஊத்துறன். எதுக்குள்ள ஊத்துறது, ஜபார்? இந்த வாய்க்குள்ளயா?

— ஓம், அதுக்குள்ளதான். ஒங்கட சீலை நனையுது.

— நனையட்டும். வேற என்ன இருக்கு? சொல்லுங்க, செய்யிறன். சும்மா நிக்க ஏலாது.

— பிளக் ஆறையும் மண்ணெண்ணெயில கழுவித் துடைச்சுத் தாங்க. சவிரி, மூணாம் சுத்து என்னோடது, நீ தள்ளி நில்லு. போய் எண்ணெயைப் பாரு, பற்றரி வயரை மாட்டு.

— அக்கா, உங்களுக்கு என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?

— வெயில். வயரை மாட்டு தம்பி. நேரம் போகுது.

— எத்தனை மணி?

— ஒண்டாகப் பத்து நிமிசம்.

— மூண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிச்சிட்டம் நானா.

— முடிச்சிட்டம் எண்டு எஞ்சின் சொல்லட்டும், பிறகு நாம சொல்லுவம். முன்னுக்குப் போய்க் கைபிடியைச் சுத்து. பெருவிரலை உள்ள மடிக்காத, திருப்பி அடிச்சா முறிஞ்சிடும். சுத்து.

— பிடிக்குதில்லை.

— இன்னொருக்கா. நான் காத்தை மூடுறன்.

— பிடிக்குதில்லை நானா. ஒரு இருமல் கூட இல்லை. என்ன பிழை விட்டம்? நம்பர் மாறிட்டுதோ? நான் மாத்தித் தந்திட்டனோ?

— பொறு. மூச்சு விடு. பெற்றோல் வருதா பாரு, குழாய்ல. வருது. பிளக்கில பொறி? அனஸ்தாசியா, இந்த வயரைத் துணியால பிடிச்சு நுனியை இரும்புக்குக் கிட்டக் காட்டுங்க. சுத்து சவிரி.

— பொறி இல்லை. ஒண்டும் இல்லை.

— அப்ப நம்பர் பிழை இல்ல. நீ ஒண்டும் மாத்தித் தரல்ல, விளங்கிச்சா? மின்சாரம்தான். பிளக்குக்குப் பொறி பிரிச்சுக் குடுக்கிற மூடிக்குள்ள இரிக்கிற அந்தச் சின்னக் கை, காலையில துடைக்கக் கழட்டினது. போட்டமா?

— நான் போடேல்லை.

— நானும் போடல்ல. எங்க வெச்சன்? சட்டைப் பையில. பை இஞ்ச. இல்லையே. யா அல்லா, எங்க வெச்சன்?

— கறுப்பா, விரல் நீளத்தில, ஒரு பித்தளை நுனியோட இருக்குமே, அதா? அந்த எண்ணெய்த் துணிக்குள்ள கிடக்குது.

— தாங்க. தாங்க. இப்ப சுத்து.

— இருமினது.

— திரும்பச் சுத்து. விடாத.

— ஓடுது நானா. ஓடுது. கேக்குதா?

— கேக்குது. ஏழும் சத்தம் இல்லாம வேலை செய்யுது. அல்ஹம்துலில்லாஹ். மணலுக்குள்ள இரண்டாம் கியரை விட மேல போகாத. சூடு ஏறினா நிண்டு தண்ணி விடு. நானும் வாறன், பின்னால ஏறுறன்.

— ஏறுங்க. அக்கா, நீங்களும் வாறீங்கதானே? மருந்துப் பெட்டி, தண்ணி எல்லாம் வச்சாச்சா?

— எல்லாம் ஏத்திட்டன்.

— இதென்ன அக்கா இவ்வளவு பாய்? ஆறு கிடக்கு. அல்பொன்சா ஒருத்திக்குத்தானே.

— வண்டியை எடு தம்பி. வழியில சொல்லுறன்.

— என்னத்தை வழியில சொல்லுறது? ஜபார் நானா, இவ முகத்தைப் பாருங்க.

— அனஸ்தாசியா, பாங்கு சொல்லக்குள்ள வந்த போன் என்ன போன்? அவனுக்கு இப்ப சொல்லுங்க. சொல்லாம அவனை ஓட்ட வெக்காதீங்க.

— அல்பொன்சா போயிட்டாள். அதுதான் போன். அரை மணித்தியாலத்துக்கு மேல என்ட நெஞ்சுக்குள்ள வச்சுக்கொண்டு நிக்கிறன். சொன்னா உன்ட கை விழுந்திடும் எண்டு தெரியும் தம்பி, அதுதான் மறைச்சன்.

— நிப்பாட்டுங்க.

— சவிரி.

— எஞ்சினை நிப்பாட்டுங்க நானா. இனி எதுக்கு ஓடுது? இந்தச் சத்தத்தை என்னால கேக்க ஏலாது. பெரிய வெள்ளியும் அதுவுமா அவளைச் சாக விட்டுட்டு, சுத்தியலும் தூக்கி, ஆருக்காக நான் இதைப் பூட்டினன்?

— நிப்பாட்டாதீங்க ஜபார். தம்பி, கேள், காதில இருக்கிற கையை எடுத்திட்டுக் கேள். உன்ட மச்சான் காலையில முகாமில கதைச்சிட்டுத் திரும்பிப் பைசிக்கிள் மிதிக்கேக்கை, பெரிய வெள்ளியெண்டாலும் லொறி வருகுது எண்டு அந்த அஞ்சு மைலும் வீடுவீடாக் கத்திக்கொண்டு போயிருக்கிறார், இப்ப ஆறு வீட்டுக்காரர் தங்கட வருத்தக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோரத்தில கிடத்திப்போட்டு உன்னைப் பாத்துக்கொண்டு நிக்கினமாம்.